முதுநகர் கண்டக்டரின் மௌன விரதம்

திருநாவுக்கரசுவின் குரலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தனியார் பேருந்து ஒன்றில் முப்பத்தொரு வருடம் கண்டக்டராக இருந்தவர் அவர். முதுநகர் நிறுத்தத்தில் படிக்கட்டில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கை கழுவாமல் ஓடி வருவார். "பச்சையாங்குப்பம், காரைக்காடு, செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், பி.முட்லூர், சிதம்பரம்! சிதம்பரம்! சிதம்பரம்!" எட்டு ஊரையும் ஒரே மூச்சில் சொல்வார். கடைசி ஊரை மட்டும் மூன்று தடவை. நான் அவருக்கு அடுத்த தெருவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். அந்த வரிசையை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். கேட்டேனே தவிர மனத்தில் வாங்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்பது பின்னால் வரும்.

அந்தக் குரல் போன புரட்டாசியில் நின்றுபோனது. தொண்டையில் நோய் எதுவும் இல்லை. அவராகவே நிறுத்தினார். ஏன் நிறுத்தினார், எப்படி அது திரும்ப வந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அரசு செவிலியாக முப்பத்தைந்து வருடம், ஓய்வுக்குப் பிறகு வீட்டு நோயாளிகளைப் பார்க்கும் வேலை என்று என் காலம் போயிருக்கிறது. அந்தப் பேருந்துப் பயணத்தைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாலும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

அறுபது வயதில் அவருக்கு முழங்கால் போய்விட்டது. வேலையை விட்டார். எங்கள் பகுதி தொடக்கப் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு காலையில் யோகா வகுப்பு நடக்கும். சத்யப்பிரியா என்ற பெண் நடத்துகிறார். வார நாட்களில் ஒரு கல்லூரியில் நூலகர். முதல் ஒரு மணி நேரம் ஆசனம், பிறகு அரை மணி நேரம் தத்துவம். ஆசனம் முடிந்ததும் பாதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு கறிக்கடை வரிசைக்கு ஓடிவிடுவார்கள். திருநாவுக்கரசு முழங்காலுக்காகப் போனவர், தத்துவத்துக்காக உட்கார்ந்துவிட்டார். டிக்கெட் கணக்கு எழுதும் பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் குறிப்பெடுத்தார். சந்தேகம் கேட்டார். ஓயாமல் கேட்டார்.

ஒரு ஞாயிறு, சத்யப்பிரியா பழைய உவமை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். உடம்பு ரதம், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி, உள்ளே பேசாமல் அமர்ந்து வருவதுதான் ஆத்மா. இவர் கையைத் தூக்கினாராம்.

"டீச்சர், இதுல கண்டக்டர் யாரு?"

"ரதத்துல கண்டக்டர் கெடையாதுங்கய்யா."

"அது எப்படி? கண்டக்டர் இல்லாம வண்டிய எடுப்பாங்களா? விசில் யாரு குடுக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். சத்யப்பிரியா சிரிக்கவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் உண்மையாகவே சொன்னார்.

"யோசிச்சேங்கய்யா. கண்டக்டர்தான் அகங்காரம். வண்டி அவருது இல்ல, ரோடு அவருது இல்ல, உள்ள இருக்கறவரு எங்க போவணும்னு முடிவு பண்றதும் அவரு இல்ல. ஆனா வண்டியில கேக்கற சத்தம் முழுக்க அவருதுதான்."

வேறு ஆளாக இருந்தால் கோபித்துக்கொண்டு வகுப்பை விட்டிருப்பார். இவர் நேராக டீக்கடைக்கு வந்து, "கேட்டீங்களா சேதிய? நான்தான்யா அகங்காரம்! முப்பத்தோரு வருஷ சர்வீசு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூவினார்.

இன்னொரு நாள் என்னிடம் ஓடி வந்தார். "சிஸ்டர், மனுசன் ஒரு நிமிஷத்துக்கு எத்தினி மூச்சு வுடறான்?"

"சும்மா இருக்கும்போது பதினஞ்சு. கூடக்கொறைய இருக்கும்."

டிரிப் ஷீட்டைத் திருப்பி அங்கேயே பெருக்கினார். பதினைந்து, அறுபது, இருபத்து நாலு. இருபத்தோராயிரத்து அறுநூறு வந்தது. சிதம்பரம் கோயிலில் பொன் ஓடு வேய்ந்த கூரையில் இருபத்தோராயிரத்து அறுநூறு ஓடு என்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வது. "பாருங்க சிஸ்டர், ஒரு நாளு மூச்சத்தான் கூரையா போட்டு வெச்சிருக்கான்!" என்று என் வாசலில் நின்று குதித்தார், முழங்கால் வலியோடு. நான் ஆயிரக்கணக்கான பேருக்கு மூச்சு எண்ணிப் பார்த்தவள். ஒருநாளும் எனக்கு அது தோன்றியதில்லை.

ஆள் இப்படிப்பட்டவர். எதைப் பிடித்தாலும் முழுசாகப் பிடிப்பார். தவறானதைப் பிடித்தாலும் அப்படித்தான்.

ஆவணி முதல் வாரத்தில் அவர் மனைவி செல்லாயி காலையில் குழாயடியில் சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்தன. அதைவிடப் பெரிய இழப்பு, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது அவளுக்குப் புரியும். அவளுக்குச் சொல்ல வராது. எதைச் சொல்ல வாய் திறந்தாலும் "தே... தே..." என்பது மட்டும் வரும். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. மூன்றாம் வகுப்புவரை படித்திருந்தாள். அந்த எழுத்துகளும் இப்போது பிடிபடவில்லை.

பன்னிரண்டு நாள் மருத்துவமனை. வீட்டுக்கு அனுப்பும்போது பேச்சுப் பயிற்சி தரும் பெண் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். நானும் பக்கத்தில் நின்றேன். "மொத மூணு மாசம் ரொம்ப முக்கியம். அவங்ககிட்ட நெறைய பேசுங்க. கிழமை, எண்ணு, சாமி பாட்டு, மனப்பாடமா தெரிஞ்சது எதா இருந்தாலும் கூடச் சேர்ந்து சொல்லுங்க. பழக்கத்துல ஊறினது மொதல்ல வரும். அதப் புடிச்சிக்கிட்டு மத்தது வரும். அவங்களுக்குப் பழகின குரல்ல கேக்கறது நல்லது."

பழகின குரல். அந்த வீட்டில் அதற்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் இளவரசி திருப்பூரிலிருந்து வந்து இருபது நாள் இருந்தாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், போய்விட்டாள். நான் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் போய்க் கை கால் பயிற்சி கொடுப்பேன். இளவரசி கிளம்பிய மறுநாள் திருநாவுக்கரசு என்னைச் செல்லாயிக்குக் காவல் வைத்துவிட்டுச் சிதம்பரம் போனார். மத்தியானம் திரும்பியபோது கையில் ஒரு சிலேட்டு. சிறு பிள்ளைகள் வைத்திருப்பார்களே, மரச் சட்டம் போட்டது. கீழ வீதியில் வாங்கினாராம்.

"என்ன தம்பி, சாமி பாத்தாச்சா?" என்றேன்.

சிலேட்டில் எழுதிக் காட்டினார். "48 நாள் மௌனம். சன்னிதியில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பேச வேண்டும்."

ஒரு மண்டலம்! நல்ல தொண்ணூறு நாளில் நாற்பத்தெட்டு நாளை ஊமையாகவே கழிக்கப் போகிறாராம், அதுவும் அவள் பேச்சுக்காக. "பயிற்சி குடுக்கற பொண்ணு சொன்னது காதுல வுழுந்துச்சா, இல்லியா?" என்று சத்தம் போட்டேன். தலையை ஆட்டினார். எழுதினார்: "நீங்கள் பேசுங்கள். டிவி ஓடும். நான் தவம் இருக்கிறேன்."

டிவி பேச்சுத் துணை ஆகாது. அது பதிலுக்குக் காத்திருக்காது. இதை நான் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன்!

குறை சொல்லக்கூடாது, வேலையில் சோம்பல் இல்லை. மனைவியைத் துடைப்பார், புரட்டிப் படுக்க வைப்பார், கஞ்சியைப் பதமாக ஆற்றிக் கொடுப்பார். எல்லாம் ஒரு சொல் இல்லாமல். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதி அவள் முகத்துக்கு முன்னால் பிடிப்பார். அவள் அந்த எழுத்துகளை வெறித்துப் பார்ப்பாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் கிழமைகளைச் சொல்லிப் பார்த்தேன், ஒன்று இரண்டு சொல்லிப் பார்த்தேன். எரிச்சல்தான் பட்டாள். பத்தாம் நாளிலிருந்து அவர் கையால் ஊட்டினால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள்.

தேவசகாயம் ஒருநாள் வந்தார். அதே பேருந்தின் டிரைவர். இவரோடு இருபது வருடம் ஓட்டியவர், முதுநகர்க்காரர். வாசலிலேயே ஆரம்பித்தார்.

"என்னா மச்சான், ஊமப் படம் ஓட்டறியாமே?"

சிலேட்டு எழுந்தது: "மௌனம். 48 நாள்."

"இருவது வருஷம் என் எடது காதுல கத்தின. இப்ப அந்தக் காது பாதிதான் கேக்குது. இந்த வெரதத்த அப்பவே வண்டியில இருந்திருக்கக் கூடாதா? புண்ணியமா போயிருக்கும்!" சிரித்துவிட்டுச் செல்லாயியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. தேவசகாயமும் சிரிப்பை நிறுத்திவிட்டார். போகும்போது என்னிடம், "சிஸ்டரம்மா, இந்தாளு வாயத் தொறக்க நான் வேணா எங்க கோயில்ல ஒரு மெழுகுவத்தி கொளுத்தட்டுமா?" என்றார். பாதி விளையாட்டு, பாதி உண்மை.

பதினேழாம் நாள் நான் பொறுமையை விட்டேன். "இவ்வளவு பிடிவாதம் எதுக்கு? நெசத்தச் சொல்லு" என்றேன். சிலேட்டை எடுத்தார். சின்ன சிலேட்டு. மூன்று தடவை அழித்து அழித்து எழுதினார். "அன்று காலை மாத்திரை போடவில்லை என்று கத்தினேன்." "அழுதுகொண்டே குழாயடிக்குப் போனாள்." "என் வாய்தான் அவள் வாயைப் பிடுங்கியது."

ஆக இது வேண்டுதல் மட்டும் இல்லை. தண்டனை. தன் நாக்குக்குத் தானே போட்டது.

"தம்பி, மூளைக்குப் போற ரத்தக் கொழாயில அடைப்பு. பத்து வருஷ சர்க்கரையும் பிரஷரும் பண்ண வேல. நீ ஒருநாள் கத்தினதுக்கு அது அடைக்காது. அப்படி அடைக்கும்னா இந்த முதுநகர்ல பாதிப் பொம்பளைங்க படுக்கையிலதான் இருக்கணும்."

அவர் நம்பவில்லை. நான் செல்லாயி பக்கம் திரும்பினேன். அவளால் தலையாட்ட முடியும்.

"செல்லாயி, நான் கேக்கறதுக்குத் தலைய மட்டும் ஆட்டு. ஒம் புருஷன் ஏன் பேசல? ஒம்மேல கோவம்னு நெனைக்கிறியா?"

ஆட்டினாள். ஆம் என்று ஆட்டினாள். இடது கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. நான் துடைத்தேன்.

திருநாவுக்கரசுவின் கையிலிருந்து சிலேட்டு விழுந்து ஒரு மூலை உடைந்தது. வாய் திறந்தது. பேசிவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டார். அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. விரதத்தைப் பாதியில் முறித்தால் அவளுக்கு இனி பேச்சே வராது என்று அவர் நம்புகிறார். பேசினாலும் அவள் பேச்சைக் கெடுக்கிறார், பேசாவிட்டாலும் கெடுக்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

பக்கவாதத்துக்கு எனக்கு மருந்து தெரியும். இதற்குத் தெரியாது. நேராக நூலகத்துக்குப் போய் சத்யப்பிரியாவைப் பிடித்தேன். மறுநாள் காலை வந்தார். வந்ததும் திருநாவுக்கரசுவிடம் போகவில்லை. செல்லாயி கட்டிலில் உட்கார்ந்து கால் மணி நேரம் அவளோடு பேசினார், அவள் பதில் சொல்கிற மாதிரியே இடைவெளி விட்டு விட்டு. பிறகுதான் திரும்பினார்.

"மௌனம் யாருக்குங்கய்யா?"

"அவளுக்கு" என்று எழுதினார்.

"அவங்களுக்கு வேணுமான்னு கேட்டீங்களா?"

எழுதியதை உள்ளங்கையால் அழித்தார்.

"நான் மௌனமா இருக்கேன். நான் வெரதம் இருக்கேன். நான் இவள பேச வைக்கறேன்." சத்யப்பிரியா விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "ஐயா, கண்டக்டர் இன்னும் வண்டிய விட்டு எறங்கவே இல்லியே. வாயத்தான மூடியிருக்காரு?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். அடிபட்ட முகம் இல்லை. ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தால் வகுப்பில் எப்படி ஆவாரோ, அப்படி ஒரு மின்னல். உடனே அணைந்தும் விட்டது.

"பேச்சுலயும் தவம் உண்டுங்கய்யா. யாரையும் நோக வைக்காம, உண்மையா, கேக்கறவங்களுக்கு நல்லது பண்ற மாதிரி பேசறது. வாய மூடறத விட அது கஷ்டம். ஒங்களுக்கு ரொம்பவே கஷ்டம்."

எழுதினார்: "சாமியிடம் கொடுத்த வாக்கு."

"அப்ப சாமிகிட்டயே போயி சொல்லிட்டு வாங்க. தனியாப் போயி வாக்குக் குடுத்தீங்க. இப்ப இவங்களையும் கூட்டிட்டுப் போங்க."

நோயாளியைப் பேருந்தில் நாற்பது கிலோமீட்டரா? நான் முதலில் முடியாது என்றேன். பிறகு மருத்துவரிடம் போனில் கேட்டேன். பிரஷர் சரியாக இருந்தால், நான் கூடப் போனால், போகலாம் என்றார். நூற்று முப்பத்தெட்டு, எண்பத்து நாலு. சரி, கிளம்பு என்றேன்.

பத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு தேவசகாயத்தின் பேருந்து. மடக்குச் சக்கர நாற்காலியைப் படிக்கட்டு அருகே கட்டினோம். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் செல்லாயி ஜன்னலோரம், நடுவில் நான், ஓரத்தில் திருநாவுக்கரசு, மடியில் மூலை உடைந்த சிலேட்டு. இப்போது அந்த வண்டியில் கதிரவன் கண்டக்டர். மிஷினில் டிக்கெட் அடிப்பார், காதில் ஒயர் மாட்டியிருப்பார். ஊர் பெயர் கூப்பிடுவதில்லை. முன்னால் போர்டில் ஓடுகிறதே என்பார்.

வண்டி கிளம்பியதும் செல்லாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த இந்த ஐந்து வாரத்தில் முதல் தடவையாகச் சுவர் இல்லாத பக்கம் பார்க்கிறாள். இடது கையால் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சும்மா வருவானேன், பயிற்சியை வழியிலேயே முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"செல்லாயி, இந்த வண்டி எங்கெங்க நிக்கும்? கூடச் சொல்லு. பச்சையாங்குப்பம், காரைக்காடு, செம்மங்குப்பம், புதுச்சத்திரம்..."

தோளில் சிலேட்டு தட்டியது. திருநாவுக்கரசு. கண் பிதுங்குகிறது. நான் கண்டுகொள்ளவில்லை.

"புதுச்சத்திரம், அப்புறம் பெரியப்பட்டு..."

"தே!" என்றாள் செல்லாயி. கம்பியில் ஒரு அடி. "தே! தே!"

நான் ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்ததாக எங்கள் தெருவில் இப்போது கதை நடக்கிறது. இல்லை. எனக்கு உண்மையாகவே அந்த வரிசை தெரியாது. ஆலப்பாக்கம் என்ற ஊரையே விட்டுவிட்டேன், பெரியப்பட்டையும் இடம் மாற்றிவிட்டேன். இந்தப் பக்கம் முப்பத்தொரு வருடம் அந்த வரிசையைக் கூவிய ஆள். அந்தப் பக்கம் அதே முப்பத்தொரு வருடம் அதைக் கேட்டவள். அவர் குளிக்கும்போதும் சட்டை மாட்டும்போதும் அதைத்தான் முணுமுணுப்பாராம். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு ஊரைத் தின்றுவிட்டேன்.

"புதுச்சத்திரம், பெரியப்பட்டு, பி.முட்லூர்..." என்று நான் பாட்டுக்குப் போகிறேன். செல்லாயியின் கழுத்து நரம்பு புடைக்கிறது. உதடு கூடுகிறது, விலகுகிறது. கம்பியில் அடி மேல் அடி. "ஆ..." என்றாள். நான் நிறுத்தினேன். "ஆ... ஆல..."

என் கை அவள் முதுகில் இருந்தது. மூச்சு இழுப்பது தெரிந்தது.

"ஆலப்பாக்கம்!"

தெளிவாக. ஒரு எழுத்துக் குறையாமல். வண்டியில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி.

ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. அடுத்த ஊருக்கு வாய் திறந்தாள், வரவில்லை. "பெ" என்று உதடு சேர்கிறது, சத்தம் இல்லை. என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி அவரைப் பார்த்தாள். கொடு, அடுத்ததைக் கொடு என்று கண் கேட்டது.

திருநாவுக்கரசு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சிதம்பரத்துக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே போய்ச் சாமியிடம் சொன்ன பிறகுதான் பேசலாம் என்று இருந்தவர். ஆலப்பாக்கம் நிறுத்தம் வந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள், வண்டி கிளம்பியது. அவள் இன்னும் அவரையே பார்க்கிறாள். உதடு இன்னும் சேர்ந்தபடியே இருக்கிறது. இனி ஒரு நொடி போனால் அது பிரிந்துவிடும். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துவிட்டது.

"பெரியப்பட்டு!"

பத்தொன்பது நாள் அடைத்து வைத்த குரல்! தேவசகாயம் பழைய பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "வந்துடுச்சா?" என்றார். கதிரவன் காது ஒயரைக் கழற்றினார். செல்லாயி ஒருத்திதான் அசரவில்லை. "பெரியப்பட்டு" என்றாள், இதோ கிடைத்தது என்கிற மாதிரி. உடனே, "பு... புதுச்சத்திரம்."

"புதுச்சத்திரம்!" என்றார் அவர். "பி..."

"முட்லூர்!"

பிறகு இரண்டு பேரும் ஒன்றாக, "சிதம்பரம்! சிதம்பரம்! சிதம்பரம்!" மூன்றாவது தடவை பின்னால் இருந்த நாலைந்து பழைய பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். தேவசகாயம் ஹாரனை அழுத்தினார். காரணமே இல்லாமல் அழுத்திக்கொண்டே போனார். பெரியப்பட்டு வருவதற்குள் அந்த வரிசையை ஆறு தடவை சொல்லிவிட்டார்கள்.

ஏழாவது தடவை ஆரம்பிக்கும்போது அவர் சட்டென்று நிறுத்தினார். "சிஸ்டர், ஒடைச்சிட்டேனே" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

"அது கெடக்கட்டும். அவ பிரஷர் பாக்கணும். நகரு" என்றேன். நூற்று நாற்பத்தாறு. பரவாயில்லை.

கோயிலில் உச்சிக்காலத்துக்கு முன்பே போய்விட்டோம். சக்கர நாற்காலியைச் சபைக்கு எதிரில், படிக்குக் கீழே நிறுத்தினோம். அவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மேலே போனார். நான் செல்லாயிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு கீழேயே இருந்தேன். திரும்பி வந்தவர் பயந்த முகத்தோடு வருவார் என்று பார்த்தால், கூரைக் கணக்குப் போட்ட அன்றைக்கு வந்த அதே முகம்.

"சிஸ்டர், ரகசியத்துத் திரைய வெலக்குனாங்க. உள்ள என்னா இருக்கு? பொன் வில்வம் தொங்குது. மத்தபடி வெளி. வெறும் வெளி. இருவது தடவ பாத்திருக்கேன், இன்னைக்குத்தான் பாத்தேன். அங்க எவ்ளோ மௌனம் ஏற்கெனவே கெடக்கு! அதுங்கிட்டப் போயி நான் நாப்பத்தெட்டு நாளு மௌனம் தரேன்னு பேரம் பேசியிருக்கேனே, எவ்ளோ பெரிய கண்டக்டரு நானு!"

சிரித்தார். செல்லாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம்மேல கோவம் இல்ல. ஒரு நாளும் இல்ல. எம்மேலதான் கோவம்" என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "தே" என்றாள்.

அவர் கொண்டாட்டத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் சொல்லியாக வேண்டும். "தம்பி, காலையில வந்தது மனப்பாடம். ஊறிக் கெடந்தது வந்துச்சி. தான் நெனைச்சத தானே சொல்றதுதான் பேச்சு. அது இன்னும் வரல. வரலாம். வராமயும் போலாம்."

"வரும் சிஸ்டர்" என்றார்.

"வரும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

திரும்பும்போது அதே பேருந்து. இப்போது வரிசை தலைகீழ். முன்னால் சரசரவென்று ஓடிய நாக்கு, பின்னால் ஓட மறுத்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் இவர் ஆரம்பித்தார். "பி.முட்லூர்! அடுத்து என்னா? பு... பு..." அவள் விழித்தாள். வரவில்லை. புதுச்சத்திரத்தில் வரவில்லை. பெரியப்பட்டில் வரவில்லை. எனக்கு இது எதிர்பார்த்ததுதான். அவருக்குத் தாங்கவில்லை. அவளால் முடியாததை எல்லாம் தன் தொண்டையால் ஈடுகட்டப் பார்த்தார். ஊருக்கு ஊர் சத்தம் ஏறியது. ஆலப்பாக்கத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். காரைக்காட்டில் ஒரு கைக்குழந்தை அழுதது. செல்லாயி கண்ணை மூடிக்கொண்டாள். களைத்துவிட்டாள், போதும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து படிக்கட்டுக்கே போய்விட்டார். பழைய இடம், பழைய கம்பி.

"முதுநகர்! முதுநகர்! முதுந..."

"கத்... தாத."

அவர் பாதியில் நின்றார். நான் திரும்பினேன். செல்லாயி கண்ணைத் திறந்திருந்தாள். இடது கையைத் தூக்கியிருந்தாள், தெருவில் சண்டை போடும் பிள்ளைகளை அடக்குவதுபோல.

"என்னா... என்னா சொன்ன?" என்றார் அவர்.

"கத்தாத" என்றாள். இந்தத் தடவை திக்கவில்லை. நாற்பது வருடம் குடித்தனம் செய்த பெண்ணின் முழு எரிச்சலோடு வந்தது.

எந்த மனப்பாடத்திலும் இல்லாத சொல். யாரும் எடுத்துக் கொடுக்காத சொல். அவளே நினைத்து, அவளே தேடி, அவரைப் பார்த்துச் சொன்னது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் பேருந்தில் கை தட்டினேன்.

"இதத்தான் மச்சான் இருவது வருஷமா நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்!" என்று ஸ்டியரிங்கில் அடித்தார் தேவசகாயம். "யாரு கேட்டா?"

திருநாவுக்கரசு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் ஆராயவில்லை. பிறகு எழுந்து வந்தார். அவள் பக்கத்தில் குனிந்து, அந்தத் தொண்டையிலிருந்து இப்படியும் சத்தம் வருமா என்று நினைக்கும்படி, மெதுவாகக் கேட்டார்.

"சரி, கத்தல. எறங்கலாமா, செல்லாயி?"

நாற்காலியைப் பிரித்து அவளை இறக்கி வைத்தோம். வீட்டுக்குப் போனதும் நான் நோட்டை எடுத்து அன்றைய வரியை எழுதினேன். மாலை 4.40. பிரஷர் 140/86. இடது கையால் தானே கம்பியைப் பிடித்தாள். ஊர்ப் பெயர்கள், உதவியோடு: ஐந்து. சொந்தச் சொல்: ஒன்று.